குத்தகை

ஒரு வருமானத்தைத் திரட்டும் உரிமையை, உறுதிசெய்த தொகைக்குக் குறித்த காலம்வரை ஒருவருக்கே விட்டுக்கொடுப்பது குத்தகை எனப்படும். கன்னடத்தில் ஒப்பந்தத்தைக் குறிக்கும் 'குத்திகெ', தெலுங்கில் ஏகபோகத்தைக் குறிக்கும் 'குத்தாதிபத்யம்' என்பன இதன் உறவுச்சொற்கள். மொத்தமாக மதிப்பிடுதலாகிய 'குத்துமதிப்பு' என்பதிலும் அவ்வடியே காணப்படுகிறது எனலாம். பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையின் சாராய வருவாயும் யாழ்ப்பாணக் கடலின் சங்குக்குளிப்பும் ஏலமுறையில் குத்தகைக்கு விடப்பட்டமையால், 'குத்தகைகாரர்' என்ற சொல்லில் போட்டியற்ற அதிகாரம் என்னும் பொருளும் படிந்தது.

கேபிள் தொலைக்காட்சிக்கு வழங்கப்படும் உரிமம், அதாவது அனுமதிப்பத்திரம், இத்தகைய குத்தகையினின்று வேறானது. இந்தியாவின் 1995 ஆம் ஆண்டுக் கேபிள் சட்டத்தின்படி ஒரே பகுதியில் பலர் பதிவுபெறலாம்; 2007இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அரசு கேபிள் நிறுவனம் தனியார் இணைப்புகளோடு போட்டியிட்டதும் அவ்வாறே. ஆயினும் கடல்வழியாலன்றிச் சென்றடைய முடியாத, இலங்கையின் நயினாதீவு, நெடுந்தீவு போன்ற இடங்களில், குறைந்த எண்ணிக்கையிலான வீடுகளுக்காக இரண்டாவது கம்பிவலை இழுப்பவர் அரியர் ஆதலால், சட்டத்தில் உரிமமாக இருப்பது நடைமுறையில் குத்தகையாகிவிடக்கூடும். அத்தகைய இடத்தில் கட்டணத்திற்கு உச்சவரம்பு விதிப்பது உரிமம் வழங்குவோரின் கடமையாகும்.