இரண்டு எழுத்துக்களில் மறைந்திருந்த மனிதர்

பத்திரிகைத் தொழிலில், பெயரை மறைத்து எழுத வேண்டிய சந்தர்ப்பங்கள் எனக்குப் பல வாய்த்ததுண்டு. ஆயினும், அரை நூற்றாண்டு காலம் எச்.எம். என்ற இரண்டு எழுத்துக்களாலேயே உலகம் அறிந்திருந்த ஒருவரின் வரலாறு தனியானது.

மூளையின் இரு பக்கங்களிலும், காதுகளுக்கு உட்புறமாகச் சுருண்டு கிடக்கும் உறுப்பு ஹிப்போகம்பஸ். கடற்குதிரையை ஒத்திருந்தமையால் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்றியலாளர் அரான்சி இட்ட பெயர் அது. பின்னர் ஸ்பானிய அறிஞர் கஹால் அதன் நரம்புக் கலங்களை நுணுக்கமாக வரைந்தார். அயலிலுள்ள மூளைப் புறணியிலிருந்து வரும் செய்தி, பல்வரிசை போன்றதொரு மடிப்பை அடைந்து, சீஏ3, சீஏ1 எனப்படும் கலத்தொகுதிகளைக் கடந்து, புறணிக்கே மீளுகிறது. இச்சுற்று எதற்காக என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை.

1953இல் அமெரிக்காவின் ஹாட்ஃபோர்ட் நகரில், கடும் வலிப்பு நோயால் அவதியுற்ற 27 வயது இளைஞருக்கு வைத்தியர் ஸ்கோவில் சத்திரசிகிச்சை செய்து, இருபக்க ஹிப்போகம்பஸின் பெரும்பகுதியை அகற்றினார். வலிப்புத் தணிந்தது. ஆனால், அதன்பின் நிகழ்ந்த எதுவும் அவர் மனதில் நிலைக்கவில்லை. பல்லாண்டுகள் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர், ஒவ்வொரு சந்திப்பிலும் அவருக்கு அந்நியரே. எனினும், கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் திறன் நாளுக்கு நாள் வளர்ந்தது. முன்னர் வரைந்த ஞாபகந்தான் இல்லை. ஞாபகம் ஒன்றல்ல, பல வகைப்படும் என்பது அவ்வாறே புலனாயிற்று.

2008 டிசம்பரில், 82ஆவது வயதில் அவர் காலமான பின்னரே ஹென்றி மொலேசன் என்ற பெயர் உலகறிய வெளிவந்தது. ஞாபகம் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பங்கு, அதனை இழந்த அம்மனிதர் தந்தது. அப்பெயரையேனும் நாம் ஞாபகத்தில் வைத்திருப்போம்.