சிறைச்சாலைப் பொறுப்பாளரே ஒளித்து வைத்த மனிதர்

2020 ஜூன் 23ஆம் திகதி இரவு. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத் தலைநகர் மெடிசனில் இனவாதத்துக்கு எதிரான போராட்டம் ஒன்று நடந்தது. மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்கு வெளியே நின்ற ஒரு சிலையை விழுத்தினார்கள். தலையைத் துண்டித்தார்கள். உடலை ஏரியில் போட்டார்கள்.

யாரோ அடிமை முறையை ஆதரித்தவரின் சிலையாக இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். இல்லை உறவுகளே. அடிமை முறையை எதிர்த்து, அந்தப் போரிலேயே உயிரை விட்டவரின் சிலை அது. அவர் பெயர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹெக்.

1829இல் நோர்வேயின் லியர் என்ற ஊரில் பிறந்தவர். 1840இல் குடும்பத்தோடு கப்பலேறி, விஸ்கொன்சினில் மஸ்கிகோ என்ற குடியேற்றத்துக்கு வந்தபோது அவருக்குப் பத்து வயது. தந்தையின் தானியக் களஞ்சியம்தான் புதிதாக வரும் நோர்வே மக்களுக்குத் தங்குமிடம். அமெரிக்காவின் முதல் நோர்வே மொழிப் பத்திரிகை 1847இல் அச்சானதும் அவர்களுடைய வீட்டில்தான். புதிய மாநிலங்களுக்கு அடிமை முறை பரவக்கூடாது என்ற கட்சியின் பக்கம் நின்ற பத்திரிகை அது. ஹெக் வளர்ந்த சூழல் இதுதான்.

1849இல் தங்கம் தேடிக் கலிபோர்னியா போனார். தந்தை காலமானதால் 1851இல் திரும்பி வந்து குடும்பத்தையும் தோட்டத்தையும் பொறுப்பெடுத்தார். பின்னர் வாட்டர்ஃபோர்ட் என்ற சிற்றூரில் மாவு மில்லும் கடையும் நடத்தினார். 1859 தேர்தலில் மாநிலச் சிறைச்சாலை ஆணையாளராகத் தெரிவானார். விஸ்கொன்சினில் மாநில அளவிலான பதவிக்குத் தெரிவான முதல் நோர்வேக்காரர் அவர்தான். கைதிகளைத் தண்டிப்பதோடு நிறுத்தாமல், வேலை கொடுத்துத் திருத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

இனித்தான் கதையின் முக்கியமான இடம்.

1854இல் ஜோஷுவா குளோவர் என்ற தப்பிவந்த அடிமையைப் பிடித்து மில்வோக்கி சிறையில் அடைத்திருந்தார்கள். மக்கள் கூட்டம் கதவை உடைத்து அவரை விடுவித்தது. அவர் கனடா போய்ச் சேர்ந்தார். அந்தக் கூட்டத்தைத் திரட்டிய பத்திரிகையாசிரியர் ஷெர்மன் பூத் மீது, தப்பியோடும் அடிமைகளைப் பற்றிய 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு. அது பல வருடம் இழுபட்டது. 1860இல் பூத்தை மீண்டும் சிறை வைத்தபோது ஆதரவாளர்கள் அவரைத் தப்ப வைத்தார்கள். தேடப்படும் அந்த மனிதர் எங்கே ஒளிந்திருந்தார் தெரியுமா? வோபன் மாநிலச் சிறைச்சாலையில்! இடம் கொடுத்தவர் சிறைச்சாலை ஆணையாளர் ஹெக்.

கடை, மில், பதவி, மனைவி, பிள்ளைகள் எல்லாம் இருந்தவர். பிடிபட்டிருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. ஹெக் பதவியை விட்டு, ஸ்கண்டிநேவியக் குடியேறிகளைத் திரட்டி 15ஆவது விஸ்கொன்சின் படைப்பிரிவை அமைத்தார். நோர்வே மொழிப் பத்திரிகைகள் மூலம் ஆட்களை அழைத்தார். சுமார் 900 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் திரும்பி வரவில்லை. 1863 செப்டம்பர் 19ஆம் திகதி ஜோர்ஜியாவின் சிக்கமோகா போரில் ஹெக்கும் சுடப்பட்டார். மறுநாள் இறந்தார். வயது 33.

சிலையை விழுத்தியவர்கள் எல்லோரும் அறியாமையால் செய்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. சமத்துவம் ஏற்கனவே கிடைத்துவிட்டதைப் போன்ற பொய்த் தோற்றத்தை அந்தச் சிலைகள் தருகின்றன என்பது அங்கே ஒலித்த ஒரு வாதம். அந்தக் கோபத்துக்கும் காரணம் இருக்கிறது. 2021இல் சிலையைத் திருத்தி மீண்டும் நிறுத்தினார்கள்.

எனக்குச் சிலையைவிட அந்தச் சிறைச்சாலைதான் பெரிதாகத் தெரிகிறது. வந்து குடியேறி இருபது வருடம்தான். மொழி வேறு, எண்ணிக்கை குறைவு. நமக்கேன் இந்த ஊர் வம்பு என்று கடையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்று இரவு பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். சட்டத்தைக் காக்க வேண்டிய அதிகாரி சட்டத்தை மீறியது சரியா என்று கேளுங்கள். நீங்கள் பதில் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர்கள் சொல்வதைக் கீழே எழுதுங்கள், வாசிக்க ஆவலாக இருக்கிறேன்.