பொழுதுக்கு இட்ட வேலி

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், மேற்கே நெல்வயல்களும் கிழக்கே உப்புக்காற்றும் சூழ அமைந்திருக்கும் கோட்டுச்சேரியில், காலத்தை அளக்கும் கருவிகளாக நெடுங்காலம் விளங்கியவை இரண்டு: ஒன்று ஆற்றுநீர், மற்றொன்று சந்திரன். உழவனுக்கு வேலை எப்பொழுது தொடங்கும் என்பதைக் காவிரியின் கிளைவாய்க்கால்களும், கடலோடிக்கு ஓய்வு எப்பொழுது வாய்க்கும் என்பதைச் சந்திரனின் நிலையும் நிர்ணயித்தன. இவர்களில் எவருக்கும் அவகாசம் என்பது தாமாக விரும்பி எடுத்துக்கொண்ட விடுமுறையாக இருந்ததில்லை. இவ்வாறு கேளாமல் வந்து சேர்ந்த ஓய்வை எவ்வாறு கழிப்பது என்னும் கேள்விக்கு இப்பிரதேசத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ட விடைகளே அவர்களுடைய விளையாட்டுகள் என்றால் அது மிகையாகாது.

தைமாதத்தில் சம்பா அறுவடையாகி, நிற்கும் பயிரினூடே முன்கூட்டியே தெளித்துவைத்த உளுந்தும் பயறும் பங்குனியில் வீடுவந்து சேர்ந்தபின், மறுபடி வாய்க்காலில் தண்ணீர் வரும்வரையில் வயல் வெடித்துக் கிடக்கும் காலம் ஒன்று உண்டு. 1934-இல் மேட்டூர் அணை எழுந்து, ஜூன் 12-ஆம் தேதியை நீர் திறக்கும் நாளாகக் கொள்ளும் வழக்கம் வருவதற்கு முன்னர், மேற்கு மலைகளில் பெய்யும் மழை ஆடிப்பெருக்காக இறங்கி வரும்வரை இந்த ஓய்வு நீண்டது. நிலம் உடையவனுக்கு அது கோயில் திருவிழாவும் கலியாணமும் கூத்தும் நிறைந்த காலம். நிலமற்ற பண்ணையாளுக்கோ அது கூலியில்லாத காலம். ஒருவனுக்குப் பொழுதுபோக்காக இருந்த அதே ஆட்டம் மற்றவனுக்குப் பசியை மறக்கும் உபாயமாகவும் இருந்தது என்பதை மறந்துவிட்டு விளையாட்டின் சரித்திரத்தை எழுதுவது பாதி சரித்திரமே ஆகும்.

கடலோரத்தின் ஓய்வுக்கு மிகப் பழைய சாட்சி ஒன்று நம்மிடம் உண்டு. இங்கிருந்து வடக்கே இதே கடற்கரையில் இருந்த காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையில், முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல் தங்கிய பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டு களித்து ஆடியதை வருணிக்கிறார். நண்டுகளை விரட்டி ஓடுவதையும், அலைகளில் இறங்கித் துள்ளுவதையும், பாவை செய்து விளையாடுவதையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்கிறார். கோட்டுச்சேரிமேடு முதலிய இக்கரையின் மீனவர் குப்பங்களுக்கும் இன்று ஓர் ஓய்வு விதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதை விதிப்பது சந்திரன் அன்று, சர்க்கார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறி நிற்க, கடலோடியின் கையில் வலை பின்னும் வேலைக்கு மேலும் மிஞ்சி நிற்பது பொழுது.

உள்நாட்டு ஊர்களின் ஓய்வுக்கும் அத்தகைய பழைய சான்று உண்டு. ஊர்ப் பொதுமன்றத்தில் நரைத்த தலைமுடியுடைய முதியவர்கள் தினந்தோறும் காய்களை வைத்து வல்லு ஆடியதால் தரையிலேயே குழி விழுந்துவிட்டதாகவும், போரில் பாழான அந்த மன்றத்தில் பின்னர் காட்டுக்கோழி அக்குழிகளில் முட்டையிட்டதாகவும் புறநானூற்றுப் புலவர் மருதன் இளநாகனார் ஒரு காட்சியைத் தீட்டுகிறார். ஓர் ஊர் வாழ்ந்தது என்பதற்கு அரண்மனையையோ மதிலையோ அடையாளமாகக் காட்டாமல், கிழவர்களின் ஆட்டம் தேய்த்த குழியை அடையாளமாகக் காட்டிய அப்புலவரின் பார்வை வியக்கத்தக்கது.

அந்த வல்லின் வழிவந்த சுற்றம் என்றே கருதத்தக்க ஆட்டங்கள் நம் திண்ணைகளிலும் கோயில் மண்டபங்களின் கருங்கல் தளங்களிலும் அண்மைக்காலம் வரை உயிரோடு இருந்தன. தாயத்துக்குப் பித்தளைக் கட்டைகள் இரண்டு வேண்டும். அவை இல்லாதவன் புளியங்கொட்டையை ஒருபுறம் தேய்த்து வெளுப்பாக்கி உருட்டினான், அல்லது சோழியைக் குலுக்கிப் போட்டான். ஒன்று விழுந்து தாயம் போட்டால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும். எதிரியின் காயை வெட்டினால் அவன் மீண்டும் தொடக்கத்திலிருந்து புறப்பட வேண்டும். மலை எனப்படும் கட்டத்தில் நிற்கும் காயை எவனும் தொட முடியாது. சுற்றி வந்து சேர்ந்த காய் பழமாகும். ஆடுபுலி ஆட்டமோ அதிர்ஷ்டத்துக்கு அணுவளவும் இடம் கொடாதது: 23 புள்ளிகள் உள்ள கட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும், புலி தாண்டிக் கொல்லும், ஆட்டுக்கோ கொல்லும் சக்தி இல்லை, நெருங்கி நின்று புலியை நகரவிடாமல் அடைப்பதே அதன் வெற்றி. மண்டபத்துக் கல்லில் செதுக்கிய கட்டம் எல்லாருக்கும் உரியதாக இல்லாத காலத்திலும், கரித்துண்டால் தரையில் இதே கட்டத்தை வரைந்து கூழாங்கல்லையும் ஓட்டாஞ்சல்லியையும் காயாக வைத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. உடைமை ஏதும் வேண்டாத விளையாட்டாக இருந்ததனால்தான் இது சேரிக்கும் அக்கிரகாரத்துக்கும் ஒருங்கே பொதுவாயிற்று.

பெண்களின் ஓய்வு இவற்றினும் குறுகியது. வீட்டின் நடைக்கும் கூடத்துக்கும் இடையே அடங்கியது. வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசைக் குழிகள் குடைந்த பல்லாங்குழிப் பலகை, சில குடும்பங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்வரிசையிலேயே இடம்பெற்றது. புளியங்கொட்டையையோ சோழியையோ குழிக்கு ஒன்றாக இட்டுக்கொண்டு போகையில், ஒரு குழியில் நான்கு சேர்ந்துவிட்டால் அது பசு. அதை எடுத்துக்கொள்ளும் விரைவில் கணக்கும் கையும் ஒன்றாகிவிடும். எதிரில் உட்கார ஆளில்லாத நேரத்தில் ஒருத்தி தனியாகவே ஆடும் வகைக்குச் சீதைப்பாண்டி என்று பெயர்; அசோகவனத்தில் சிறையிருந்த சானகி துயரை மறக்க ஆடியது என்பது ஜன ஐதீகம். இதிகாசத்தின் மிகப் பெரிய சோகத்துக்கு ஒரு பலகையும் சில விதைகளும் துணையிருந்தன என்று கற்பித்த நம் பாட்டிமார்கள், மனத்தைத் திசைதிருப்புவது அற்பமான காரியம் அன்று என்பதை நன்றாக அறிந்திருந்தார்கள்.

இனி, விளையாட்டைத் தெய்வ சந்நிதிக்கே கொண்டுசென்ற சம்பிரதாயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி இரவு உறங்காமல் விழித்திருப்பது விரதம். ஆனால் உபவாசம் இருக்கும் உடல் நள்ளிரவில் கண்ணை மூடத் துடிக்கும் என்பது பெரியோர்களுக்குத் தெரியாததன்று. ஆகவே பரமபத சோபானப் படத்தை விரித்தார்கள். புண்ணியம் ஏணியாக ஏற்றுகிறது, பாபம் பாம்பாக விழுங்கிக் கீழே தள்ளுகிறது. விடிவதற்குள் எவனேனும் வைகுண்டம் சேர்ந்தாக வேண்டும். ஆண்டு முழுவதும் "வேலையற்ற வேலை" என்று கடிந்துகொள்ளப்பட்ட அதே சோழியும் கட்டையும் அந்த ஓர் இரவில் விரதத்தின் அங்கமாயின. இந்தப் படமே ஆங்கிலேயர் கைக்குப் போய், தத்துவம் உதிர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குழந்தைகளின் பாம்பும் ஏணியுமாக லண்டன் கடைகளில் விற்பனையாயிற்று. நம் தாயத்தின் வடநாட்டு உறவினனாகிய பச்சீசி, 1896-இல் லூடோ என்னும் பெயரில் அங்கே காப்புரிமை பெற்றது.

சோழநாட்டுத் தலபுராணங்களும் விளையாட்டை வெறுத்தவை அல்ல. நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரில் அரசிளங்குமரியோடு சதுரங்கம் ஆடி வென்று அவளை மணந்த ஈசன், சதுரங்க வல்லபநாதர் என்றே பெயர் தாங்கி எழுந்தருளியிருக்கிறார். ஆனால் ஆட்டத்தின் மறுபக்கத்தைக் காட்டும் தலமோ கோட்டுச்சேரிக்கு வெகு அருகில், இதே காரைக்கால் நாட்டில் இருக்கிறது. புட்கரனோடு சூதாடி, நாட்டையும் செல்வத்தையும் இழந்து, மனைவியைக் காட்டில் கைவிட்டு அலைந்த நளமகாராஜன், சனியின் பிடியிலிருந்து விடுபட்டது திருநள்ளாற்றில் என்று நம்பி, நள தீர்த்தத்தில் நீராட லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அறிந்து வருவது சனியின் கொடுமையை. அறியாமல் கடந்துபோவது, அந்தக் கொடுமை பாய்ந்தது ஒரு பகடைப் பலகையின் வழியாக என்பதை. கதையின் முடிவு இன்னும் கவனிக்கத்தக்கது. நளன் நாட்டை மீட்டது பகடையைத் துறந்து அன்று. இருதுபன்னனிடம் பகடையின் மர்மத்தைக் கற்றுக்கொண்டு மறுபடியும் ஆடியே மீட்டான். அறியாமையோடு ஆடியவன் இழந்தான், அறிவோடு ஆடியவன் பெற்றான் என்று நம் முன்னோர் அக்கதையை முடித்தார்கள்.

வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிக் கண்டித்தார். கௌடில்யரோ சூதாட்டத்தை ஒழிக்க முடியாது என்று தீர்மானித்தவர்போல், அதற்கென ஓர் அத்தியட்சகனை நியமித்து, ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஆடவேண்டும் என்றும், ஜெயித்த தொகையில் நூற்றுக்கு ஐந்து அரசுக்கு என்றும் அர்த்தசாஸ்திரத்தில் விதித்தார். நீதிநூலும் அரசநூலும் இவ்வாறு இருவேறு வழிகளில் முயன்ற காரியத்தைக் கிராமத்து வழக்கம் மூன்றாவது வழியில் சாதித்தது: காலத்தாலும் இடத்தாலும் பந்தயப் பொருளாலும் ஆட்டத்துக்கு அது ஒரு வேலியிட்டது. தண்ணீர் வந்தால் ஆட்டம் நின்றது. விளக்கு வைத்தால் திண்ணை கலைந்தது. தோற்றவன் இழந்தது புளியங்கொட்டை.

இவ்வேலிக்குள் பிறநாட்டு ஆட்டங்களும் வந்து புகுந்தன. 1739-இல் தஞ்சை மராத்திய மன்னரிடமிருந்து காரைக்காலைப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள், இடையில் ஆங்கிலேயரிடம் அதைப் பலமுறை இழந்தும் மீட்டும், கடைசிவரை வைத்திருந்தார்கள். காரைக்கால் பகுதியின் மூன்று கொம்யூன்கள் 1907-இல் ஆறாகப் பெருகியபோது கோட்டுச்சேரியும் தனிக் கொம்யூன் ஆயிற்று. அந்நாட்களில்தான் தென் பிரான்சின் லா சியோத்தா என்னும் துறைமுகத்தூரில், வாதநோயால் ஓடி வந்து குண்டெறிய முடியாத ஒரு பழைய ஆட்டக்காரருக்காக, காலை ஊன்றி நின்றபடியே எறியும் பெத்தாங்கு ஆட்டம் உண்டாயிற்று. அதன் முதற் போட்டி 1910-இல் நடந்தது. அந்த இரும்புக் குண்டுகளைப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஊழியம் செய்து பென்ஷனோடு திரும்பிய நம் சொல்தாக்கள் கொண்டாடினார்கள். புதுச்சேரியின் மணற்பாங்கான திடல்களில் மாலைநேரத்தில் குண்டோடு குண்டு மோதும் ஓசை இன்றும் கேட்கிறது. உழவனின் ஓய்வைப் பருவம் தந்தது போல, சொல்தாவின் ஓய்வைப் பென்ஷன் தந்தது. இருவருக்கும் தேவைப்பட்டது மெய்யை வருத்தாத, மனத்தை விடாத ஓர் ஆட்டம்.

ஓய்வே அரிதாகிப்போனவர்களும் இம்மண்ணிலிருந்து புறப்பட்டிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் துறைகள் வழியே மர்த்தினீக், குவாதலூப், ரெயூனியோன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் அனுப்பப்பட்டார்கள். 1861-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கை பிரிட்டிஷ் பிரஜைகளையும் அவ்வாறு திரட்ட வழிசெய்தது. தோட்டத்து மணியோசைக்குக் கட்டுண்ட அவர்களுக்குத் திண்ணையும் இல்லை, கோடை ஓய்வும் இல்லை. ஆயினும் நம் தெருக்கூத்தை அவர்கள் விடவில்லை. ரெயூனியோனில் பால் தமூல் என்றும், குவாதலூப்பில் நாத்ரோன் என்றும் உருமாறிய அக்கூத்து, மொழியை மறந்த சந்ததிகளிடமும் இரவு முழுவதும் நடக்கும் ஆட்டமாகத் தங்கியது.

1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சு இந்தியாவின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதே ஆண்டில் தேவநேயப் பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்னும் நூலை வெளியிட்டு, ஆண்பால், பெண்பால், இருபால் என்றும், பகலாட்டு, இரவாட்டு என்றும் அவற்றை வகுத்து வைத்தார். யார், எப்பொழுது என்னும் இரண்டு கேள்விகளைக் கொண்டே அவர் பாகுபாடு செய்திருப்பது தற்செயலன்று. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் உரிய ஆளும் உரிய வேளையும் வழக்கத்தில் அவ்வளவு திட்டமாக இருந்தன.

இன்று வயலில் இயந்திரம் அறுக்கிறது. ஓய்வு முன்னிலும் மிகுந்திருக்கிறது. ஆட்டமோ சட்டைப்பையில் இருபத்துநான்கு மணிநேரமும் காத்திருக்கிறது. கைபேசி ரம்மியில் எதிரே உட்கார்ந்திருப்பவன் யார் என்று தெரியாது. விளக்கு வைத்தாலும் தண்ணீர் வந்தாலும் அது கலையாது. இழப்பது புளியங்கொட்டையும் அன்று. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது. பந்தயத்தைச் சட்டம் தடுக்கலாம், அது நல்லதுங்கூட. ஆனால் வேளையை எந்தச் சட்டமும் வகுத்துத் தராது. பொழுதுபோக ஏதேனும் புதிய ஆட்டம் இருக்கிறதா என்று தேடுவோருக்கு இந்நாட்டுச் சரித்திரம் சொல்லத்தக்க யோசனை இதுவே: ஆட்டத்தைத் தேடுமுன் அது முடியும் நேரத்தைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள், எதிரே முகம் தெரிந்த ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள், தோற்றாலும் மறுநாள் காலை அவரோடு பேசக்கூடிய அளவுக்கு மேல் எதையும் பணயம் வைக்காதீர்கள்.