எபிமெரா

கிரேக்க மொழியில் 'எபி' என்றால் மேல், 'ஹெமெரா' என்றால் நாள். இரண்டும் சேர்ந்த 'எபிமெரோஸ்', ஒரு நாளோடு முடிந்துபோவதைச் சுட்டியது. பழைய மருத்துவர்கள் ஒரே நாளில் விட்டுவிடும் காய்ச்சலை இப்படி அழைத்தார்கள். அந்தப் பெயர் இன்று மாட்டு வைத்தியத்தில் மிஞ்சியிருக்கிறது. ஆனால் 'எபிமெரல் காய்ச்சல்' என்று அங்கே பெயர் பெற்ற நோயை நம் கால்நடைக்காரர்கள் மூன்று நாள் காய்ச்சல் என்கிறார்கள். நாள் கணக்கில் அவர்கள் சொல்வதுதான் சரி.

கோள்களின் அன்றாட இருப்பைக் கணித்துத் தரும் 'எபிமெரிஸ்' அட்டவணையும் இதே வேரில் கிளைத்தது. நம் பஞ்சாங்கத்துக்கு அது தூரத்துச் சொந்தம். இன்றைய கிரேக்கத்தில் செய்தித்தாளின் பெயர் 'எஃபிமெரிடா'. மறுநாள் வடை மடிக்கப் போகும் தாளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்க்காது.

கருங்கடல் பக்கம் ஹிப்பானிஸ் ஆற்றில் கோடையில் வெளிவந்து, அந்தியில் மடியும் ஒரு சிறகுப் பூச்சியைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அதற்கு நான்கு கால் என்பது அவர் கணக்கு. உண்மையில் ஆறு. முன்னங்கால் இரண்டையும் தூக்கி நீட்டியபடி அது உட்காருவதால் எண்ணிக்கை தவறியிருக்கலாம். 1758இல் லின்னேயஸ் இவ்வகைப் பூச்சிகளின் பேரினத்துக்கு 'எபிமெரா' என்றே பெயரிட்டார். ஒருநாள் வாழ்வு என்பதும் பாதி உண்மையே: நீருக்கடியில் மாதக்கணக்கில், சிலவகை ஓராண்டுக்கும் மேல், புழுப்பருவத்தில் கிடந்துவிட்டுத்தான் சிறகு முளைத்து வெளியே வரும். அதன்பின் அது எதையும் தின்பதில்லை; தின்ன வாயும் உதவாது.

பூச்சியிலிருந்து சொல் காகிதத்துக்குத் தாவியது. டிக்கெட், நோட்டீஸ், ரசீது, லேபிள் என்று அன்றைக்கு மட்டும் உதவும் அச்சுத் துண்டுகள் எபிமெரா ஆயின. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத் தலைவராயிருந்த ஜான் ஜான்சன் இவற்றை லட்சக்கணக்கில் திரட்டினார். இளமையில் எகிப்தின் பழைய குப்பைமேடுகளில் பாப்பிரஸ் தேடித் தோண்டியவர் அவர். அந்நாளைய ரசீதும் கடிதமும் அங்கே கிடைத்ததைப் பார்த்தவருக்கு, தன் காலத்துக் குப்பையை மட்டும் எறிய மனம் வரவில்லை. அவர் திரட்டியது 1968இல் பாட்லியன் நூலகத்துக்குப் போனது. 1975இல் மாரிஸ் ரிக்கர்ட்ஸ் லண்டனில் எபிமெரா சங்கம் தொடங்கியபின், சேகரிப்பாளர் மத்தியில் சொல் நிலைபெற்றது.

தமிழில் இதற்கு ஒட்டிக்கொண்ட ஒற்றைச்சொல் இல்லை. 'துண்டுக்காகிதம்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் சேகரிக்கும் காரியம் இங்கும் நடக்காமலில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நாடக நோட்டீஸ்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் காலமானார். அவருடைய சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டு சென்னையில் 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது.