வழி காட்டிய ஊர்

கொடைக்கானலுக்குப் போய் வந்தவர்களிடம், "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஏரி என்பார்கள், கோக்கர்ஸ் நடைபாதை என்பார்கள், தூண் பாறை என்பார்கள். பனி மூடியிருந்ததால் தூண் பாறையைப் பார்க்கவில்லை என்று சிலர் உண்மையையும் ஒப்புக்கொள்வார்கள். வெள்ளகவி என்று சொல்லுகிறவர் நூற்றுக்கு ஒருவர் கூடத் தேறமாட்டார். ஆனால், வெள்ளகவியைச் சொல்லாமல் கொடைக்கானலின் சரித்திரத்தைத் தொடங்கவே முடியாது!

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு 'சீசன்' நாளில், ஏரிக்கரைக் கூட்டத்தைக் கண்டு மிரண்டு, நானும் நண்பர் ஒருவரும் வட்டக்கானல் பக்கம் போனோம். டால்பின் மூக்கு என்று பெயர் பெற்ற பாறை வரையில் கூட்டமும் எங்களுடன் வந்தது. அங்கே நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டது. பாதை மட்டும் திரும்பவில்லை. மரவேர்களையே படிகளாக்கிக்கொண்டு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. நாங்களும் அதன் பின்னால் இறங்கினோம்.

முழங்கால்கள் முறையிடத் தொடங்கிய வெகுநேரத்துக்குப் பிறகு, காப்பிச் செடிகளும் எலுமிச்சை மரங்களும் தென்பட்டன. ஊர் எல்லையில் பெரியவர் ஒருவர் எங்கள் கால்களைப் பார்த்தார்.

"செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிடுங்க ஐயா. ஊருக்குள்ள யாரும் போடுறதில்லை."

"கோயில் பக்கத்தில் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"ஊரே கோயிலுதானே!" என்றார்.

அவர் சொன்னது மிகையல்ல. வீடுகளும் கோயில்களும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. வெறுங்காலுடன் நடந்தபோது, அந்த மண்ணை மிதித்த வேறொரு காலடியின் நினைவு எனக்கு வந்தது.

1821-ஆம் வருஷம். திருவாங்கூர் ராஜ்யத்தைக் கானர் என்பவருடன் சேர்ந்து அளந்து முடித்த லெப்டினன்ட் வார்டு, பழனி மலைகளை அளக்க வந்தார். அவர் தமது முகாமாகக் கொண்டது குன்னுவர்கள் வாழ்ந்த இந்த வெள்ளகவியைத்தான். தாராபுரம், காங்கயம் பக்கத்துச் சமவெளியிலிருந்து தங்கள் முன்னோர் மலையேறி வந்ததாகக் குன்னுவர்களிடையே வழிவழியாக ஒரு வரலாறு உண்டு. கும்பக்கரையிலிருந்து ஏறும் ஒற்றையடிப் பாதையின் நடுவே அமைந்த இந்த ஊரிலிருந்துதான் வார்டு துரை மேலே ஏறி, இன்றைய கொடைக்கானல் இருக்கும் இடத்தை அடைந்தார். ஊர் எல்லையில் அவர் பூட்ஸைக் கழற்றினாரா? கதை எழுதுகிறவன் ஆகையால், கழற்றினார் என்றே எழுத எனக்கு ஆசை.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. மதுரையில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் மனிதர்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள், 1845-இல் மலைமேல் இரண்டு வீடுகள் கட்டிக்கொண்டார்கள். 1863-இல் லெவிஞ்சு துரை அணை கட்டி ஏரியை உண்டாக்கினார். 1870-களில் அம்மையநாயக்கனூர் வரையில் ரயில் வந்தது. அங்கிருந்து மலையடிவாரத்துக்கு மாட்டு வண்டி; அதற்கு மேல் மட்டக்குதிரை, அல்லது நாற்காலி. நாற்காலி தானாக மலையேறுமா? கூலியாட்களின் தோள்களில் ஏறித்தான் துரைமார்களும் துரைசானிகளும் குளிர்காற்று வாங்கப் போனார்கள்.

1914-இல் வத்தலக்குண்டுப் பக்கமிருந்து மலைச்சாலை முடிந்தது. நாற்காலிகள் மறைந்தன, மோட்டார்கள் வந்தன. கொடைக்கானல் நகரமாயிற்று. அதற்கு முன்பே மனிதர் குடியிருந்த வெள்ளகவியோ, சாலைக்கு எட்டாத சரிவில் அப்படியே நின்றுவிட்டது.

பெரியவர் வீட்டுத் திண்ணையில் கடுங்காப்பி கொடுத்தார். வார்டு துரையைப் பற்றிக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

"உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார் என் நண்பர்.

"டோலி கட்டித் தூக்கிக்கிட்டுப் போவோம். மேல போனா வட்டக்கானலு, கீழ போனா கும்பக்கரை. பிள்ளைத்தாச்சியா இருந்தா ஆளு மாத்தி ஆளு தோள் கொடுக்கணும். சில நேரம் ஆசுபத்திரியில போய் இறக்குவோம். சில நேரம் பாதையிலேயே இறக்கி வைச்சிருவோம்."

பாதையில் இறக்கி வைத்தால் என்ன அர்த்தம் என்று நாங்கள் கேட்கவில்லை.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. காற்று வாங்கப் போனவர்களைத் தோளில் சுமந்த காலம் 1914-உடன் முடிந்துவிட்டது என்று நான் படித்திருந்தேன். உயிரைக் காப்பாற்றச் சுமக்கிற காலம் இங்கே நூறு வருஷம் கழித்தும் முடிந்திருக்கவில்லை. வந்த விருந்தாளி வீட்டுக்குச் சாலை போட்டுக் கொடுத்துவிட்டு, வழி காட்டியவனை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தோம்.

இப்படி ஓர் ஊரைப் பற்றி எழுதும்போது, கூட்டமில்லாத அமைதியைப் புகழத்தான் பேனா துடிக்கிறது. உண்மையிலேயே அங்கே அமைதி இருந்தது. பறவைக் குரலும் காற்றின் ஓசையும் தவிர வேறு சத்தமில்லை. ஆனால், அந்த அமைதிக்கு விலை கொடுத்தவர் யார் என்பதை அந்தத் திண்ணையில் தெரிந்துகொண்டேன்.

விடைபெற்றபோது பெரியவர் ஒரு கை நிறைய எலுமிச்சம்பழங்களைப் பையில் போட்டார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. ஊர் எல்லை வரையில் வந்து, பிரிகிற இரண்டு பாதைகளில் எங்களுக்கு உரியதைக் கை நீட்டிக் காட்டினார்.

நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினோம்.