குரங்குமுக அரசனும் ஆயிரம் வயதுக்காரியும்

திருவாரூர் தியாகராஜர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்துக்குள் போகிறவருக்குப் பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கத் தொடங்கிவிடும். அங்கே கதை விதானத்தில் இருக்கிறது. நீளநீளமான பட்டைகளாக ஓவியம், காட்சிக்குக் காட்சி தமிழில் ஒரு விளக்கம். ஒரு பட்டையைப் பார்த்து முடிக்க அண்ணாந்தபடியே நடக்க வேண்டும். நின்றால் கதையும் நிற்கும். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது பார்ப்பவர் கால்களின் பொறுப்பு.

17ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி, தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் இவை வரையப்பட்டன என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. வரைந்தவர் பெயர் சிங்காதனம். ஓவியத்திலேயே தன் பெயரையும் பதித்துவிட்டார். கோயில் ஓவியர்களில் முக்கால்வாசிப்பேர் பெயரில்லாமலே போய்ச் சேர்ந்த நாட்டில் இது சிறிய விஷயமில்லை. அவர் எடுத்துக்கொண்ட கதையோ முழுக்க முழுக்க மாயக்கதை.

கயிலையில் ஒரு குரங்கு வில்வ மரத்தில் உட்கார்ந்துகொண்டு பொழுதுபோகாமல் இலைகளைப் பறித்துக் கீழே போடுகிறது. கீழே சிவனும் பார்வதியும். தெரியாமல் செய்த அர்ச்சனைக்கு வரம் கிடைக்கிறது: மண்ணில் அரசனாகப் பிறப்பாய். குரங்கு ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறது. அரச வாழ்வில் இறைவனை மறந்துவிடக் கூடாது, அதனால் முகம் மட்டும் இப்படியே இருக்கட்டும் என்கிறது. அப்படிப் பிறந்தவன்தான் முசுகுந்தன். 'முசு' என்றால் கருங்குரங்கு என்பது தமிழ் தெரிந்தவர்களுக்குப் பெயரிலேயே புரிந்துவிடும். சோழ மரபின் முன்னோனாக இவனைப் புராணம் சொல்கிறது.

அசுரர்களோடு நடந்த போரில் இந்திரனுக்குத் துணையாகப் போனான் முசுகுந்தன். வெற்றிக்குப் பரிசாக, இந்திரன் பூசித்துவந்த தியாகராஜரையே கேட்டான். கொடுக்க மனமில்லாத இந்திரன் அதே அச்சில் இன்னும் ஆறு திருவுருவங்களைச் செய்யவைத்து, ஏழையும் வரிசையாக நிறுத்தி, "உன்னுடையதை எடுத்துக்கொள்" என்றான். முசுகுந்தன் சரியானதைக் காட்டினான். தோற்ற இந்திரன் ஏழையுமே கொடுத்தனுப்பினான். திருவாரூர், திருநள்ளாறு, நாகை, திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு என்று டெல்டாவில் ஏழு ஊர்கள் சப்தவிடங்கத் தலங்களான கதை இது. திருக்கோளிலியை இன்று திருக்குவளை என்றும் திருமறைக்காட்டை வேதாரண்யம் என்றும் சொன்னால்தான் பேருந்து நடத்துநருக்குப் புரியும்.

இதே கதையை இன்றைய திரைக்கதைக்காரரிடம் கொடுத்தால் போரில் ஆரம்பித்து ஏழு உருவச் சோதனையில் முடித்துவிடுவார். சிங்காதனத்துக்கு அந்த அவசரம் இல்லை. வானுலகப் பயணம், வரவேற்பு, விருந்தோம்பல், திரும்பும் வழி, ஊர்வலம், வாத்தியக்காரர்கள், ஆடும் பெண்கள், வாணவேடிக்கை என்று வழிநெடுகத் தங்கித் தங்கிப் போகிறார். கதை முடிந்த பிறகும் ஊரில் விழா நடந்துகொண்டே இருக்கிறது.

கிட்டத்தட்ட இதே துணிச்சலை 2023 செப்டம்பர் 29 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் பார்க்க முடிந்தது. 'ஃப்ரீரென்' என்ற அனிமே தொடரின் முதல் நான்கு பகுதிகளை அன்றிரவு ஒன்றாகச் சேர்த்து ஒளிபரப்பினார்கள். யமதா கனெஹிதோ எழுதி அபே த்ஸுகாஸா வரைந்து 2020 முதல் வந்துகொண்டிருந்த படக்கதை அதன் மூலம். மேட்ஹவுஸ் என்ற ஸ்டூடியோ, ஸைதோ கெய்இசிரோவின் இயக்கத்தில் அதைத் தொடராக்கியது. மந்திரவாதி, மாவீரன், அசுர மன்னன் எல்லாம் உண்டு. ஆனால் அசுர மன்னன் செத்த பிறகுதான் கதையே தொடங்குகிறது.

பத்தாண்டுப் பயணம் முடிந்து நான்கு பேர் ஊர் திரும்புகிறார்கள். அவர்களில் ஃப்ரீரென், ஆயிரம் வயதைத் தாண்டிய எல்ஃப் இனத்தவள். பத்து வருடம் அவளுக்கு ஒரு பொழுது மாதிரி. நட்சத்திர மழை பார்க்க இன்னொரு நாள் சந்திப்போம் என்று கிளம்பிப் போகிறவள், சொன்னபடி 50 ஆண்டு கழித்து வந்து நிற்கிறாள். மாவீரன் ஹிம்மெல் அதற்குள் வழுக்கை விழுந்த கிழவனாகியிருக்கிறான். கொஞ்ச நாளில் இறந்தும் போகிறான். இவ்வளவும் முதல் பகுதிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அவனைத் தெரிந்துகொள்ள ஒரு முயற்சியும் எடுக்கவில்லையே என்று அவள் அடக்கத்தில் நின்று அழுகிறாள். முதல் பருவத்தின் மீதி 27 பகுதிகளும் அந்த அழுகையின் நீட்சி.

இரண்டாம் பகுதியில், ஒரு கிராமத்தில் பாசி பிடித்துக் கிடக்கும் ஹிம்மெல் சிலையைத் தேய்த்துக் கழுவுகிறாள். சிலையைச் சுற்றி நடுவதற்கு அவன் ஊரில் பூக்கும் ஒரு நீலப் பூவைத் தேடி மாதக்கணக்கில் காட்டில் அலைகிறாள். மாணவி ஃபெர்னுக்குப் பொறுமை போய்விடுகிறது. எதிரி இல்லை, சண்டை இல்லை, பூ மட்டும்தான். ஊர் ஊராக ஹிம்மெல் ஏன் இத்தனை சிலை வைக்க ஒப்புக்கொண்டான் என்பதற்கும் தொடர் பதில் சொல்கிறது: நாங்களெல்லாம் போன பிறகு நீ தனியாக இருக்கக் கூடாது.

மறக்கக் கூடாதென்று குரங்கு முகத்தைக் கேட்டு வாங்கியவனின் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சிலைகளின் கணக்கு உடனே புரியும்.

நிதானமாகக் கதை சொல்லும் வழக்கம் ஜப்பானிய அனிமேவுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இரண்டு பதில் உண்டு. ஒன்று பழம்பெருமை சார்ந்தது. 'மின்மினிகளின் கல்லறை'யை இயக்கிய தகஹதா இஸாவோ, 12ஆம் நூற்றாண்டின் ஓவியச் சுருள்கள்தான் அனிமேவின் மூதாதை என்று வாதிட்டு 1999இல் ஒரு புத்தகமே எழுதினார். அந்தச் சுருள்களை வலமிருந்து இடமாகக் கையால் விரித்துக்கொண்டே போக வேண்டும். விரிக்கும் வேகமே கதையின் வேகம். கியோத்தோவின் கோஸான்-ஜி மடத்துக்குரிய புகழ்பெற்ற விலங்குச் சுருளில், புத்தரைப் போல் அமர்ந்த தவளைக்கு முன்னால் துறவியாடை போட்ட குரங்கு ஒன்று பூசை செய்கிறது. தேவாசிரிய மண்டபத்து விதானமும் ஒரு வகையில் சுருள்தான். அங்கே கையால் விரிக்கிறார்கள், இங்கே காலால்.

இன்னொரு பதில் காசு சார்ந்தது. 1963 ஜனவரி 1 அன்று தெஸுகா ஒஸாமுவின் 'ஆஸ்ட்ரோ பாய்' வாராந்தரத் தொடராக வரத் தொடங்கியபோது, வாரம் ஒரு அரைமணிப் பகுதிக்குத் தேவையான அளவு வரைய ஆளுமில்லை, பணமுமில்லை. திரையில் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். ஒரே படத்தை மூன்று சட்டகத்துக்கு நிறுத்திவைத்து, நொடிக்கு 8 படங்களோடு சமாளித்தார்கள். அசையாத படத்தின் மேல் கேமராவை மட்டும் நகர்த்தினார்கள். முகம் நிற்கும், வாய் மட்டும் அசையும். பற்றாக்குறைக்காகச் செய்த இந்த உபாயம், அடுத்து வந்தவர்கள் கையில் ஒரு பாணியாகவே முதிர்ந்தது. கர்நாடக இசைக்காரர்கள் இதைக் 'கார்வை' என்பார்கள்: ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தும் இடம். நிறுத்தத் தெரியாதவருக்குப் பாடத் தெரியாது என்பது அவர்கள் கட்சி.

திருவாரூர்க்காரர்கள் இதில் பாடம் கேட்கத் தேவையில்லாதவர்கள். 1775இல் இங்கே பிறந்த முத்துசுவாமி தீட்சிதரின் உருப்படிகளுக்கு அடையாளமே விளம்ப காலம். தியாகப்பிரம்மத்தின் பாட்டு ஓடிவரும் என்றால், தீட்சிதர் பாட்டு பல்லக்கில் வரும். கோயிலில் சுத்த மத்தளம் வாசித்த தம்பியப்பன் அவருடைய சீடர்களில் ஒருவர். அந்த மத்தளத்தோடு சேர்ந்து ஒலிக்கும் பஞ்சமுக வாத்தியம், ஐந்து வாய் கொண்ட பெருங்குடம் போன்ற ஒன்று. கமலாலயக் குளத்தங்கரையில் வளர்ந்த ஒருவருக்கு அவசரம் எப்படி வரும் என்பதும் யோசிக்க வேண்டியதுதான். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று ஊரே ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறது. ஒரு வேலி 6.6 ஏக்கர் என்றால் குளம் மட்டும் 33 ஏக்கர். அதைச் சுற்றி வருவதற்குள்ளேயே ஒரு ராகம் ஆலாபனை செய்து முடித்துவிடலாம்.

தியாகராஜரின் நடனமே மூச்சின் அளவில் நடப்பது. திருமால் அவரைத் தன் மார்பில் வைத்துப் பூசித்தார், அந்த மூச்சு ஏறி இறங்க இவரும் ஏறி இறங்கினார் என்பது ஐதிகம். பெயர் அஜபா நடனம். ஏழு தலங்களுக்கும் ஏழு நடனங்கள் உண்டு. திருநள்ளாற்றில் உன்மத்தம், அதாவது பித்தனின் ஆட்டம். நாகையில் கடலலை, திருக்காறாயிலில் சேவல், திருக்குவளையில் வண்டு, திருவாய்மூரில் தாமரை, வேதாரண்யத்தில் அன்னம். இவற்றிலெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அசைவு ஏதோ ஒன்று இருக்கிறது. திருவாரூரில் மட்டும் மூச்சு. உற்றுப் பார்க்காதவருக்கு அங்கே எதுவுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றும். ஃப்ரீரென் மாதிரித் தொடர்களைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் சொல்லும் குறையும் அதுதானே.

சுவாமியின் உருவம் பூவாலும் துணியாலும் மூடியே இருக்கும். முகம்தான் தெரியும். மார்கழித் திருவாதிரையில் ஒரு பாதம் காட்டுவார்கள். மற்றதைக் காணப் பங்குனி உத்திரம் வரை காத்திருக்க வேண்டும். நடுவில் மூன்று மாதம். அடுத்த பகுதிக்கு ஒரு வாரம் காத்திருக்க முடியாமல் மொத்தத்தையும் ஒரே ராத்திரியில் பார்த்து முடிக்கிற தலைமுறையைப் பற்றிக் கோயிலுக்கு இதுவரை கவலை வந்ததாகத் தெரியவில்லை.

பிறகு தேர். திருவாரூர் தேரழகு என்று வழக்கில் நிலைத்துவிட்ட ஆழித்தேர், அலங்காரத்தோடு 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன் எடை. இதை ஓட்டுவதில் இழுப்பது பாதி வேலை, நிறுத்துவது மீதி. சக்கரத்தின் முன்னால் முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான் தேரின் உண்மையான சாரதிகள். கட்டையை எந்த நொடியில், எந்தச் சாய்வில் தள்ளுவது என்பது கையும் கண்ணும் பழகிய தொழில். வீதி முனையில் இரும்புத் தகடு போட்டு, மசகு தடவி, சக்கரங்களை வழுக்கவிட்டுத் திருப்புவார்கள். முன்னொரு காலத்தில் தேர் புறப்பட்டு நிலைக்கு வர நாட்கணக்கில், சில வருடம் மாதக்கணக்கில் ஆனது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அத்தனை நாளும் சுவாமி வீதியிலேயே இருந்தார். கோயிலுக்குப் போக முடியாதவர் வீட்டு வாசலுக்கு எதிரில் அவரே வந்து தங்கினார் என்றும் அதைச் சொல்லலாம்.

1920களில் பழைய தேர் தீயில் எரிந்துபோனது. புதிதாகச் செய்த தேர் 1930இல் ஓடியது. 1948க்குப் பிறகு அது நின்றே போய், 22 ஆண்டுகள் வீதிக்கு வரவில்லை. மு. கருணாநிதி முதல்வராக இருந்த 1970இல்தான் திரும்பவும் ஓடியது. திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. வடம் பிடிக்க ஆட்கள் முன்னால், தள்ளிவிட புல்டோசர்கள் பின்னால். இப்போது காலையில் கிளம்பும் தேர் அன்றைக்கே நிலைக்கு வந்துவிடுகிறது. இதை முன்னேற்றம் என்பவர்களும் உண்டு, எதையோ இழந்துவிட்டோம் என்பவர்களும் உண்டு. காவல்துறையும் மின்வாரியமும் முதல் கட்சி.

இந்த ஊரின் இன்னொரு பழங்கதையில் வருவதும் தேர்தான். சோழ இளவரசன் வேகமாக ஓட்டிய தேர், ஒரு கன்றின் மேல் ஏறிவிட்டது. தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது. மனுநீதிச் சோழன் மகனையும் அதே சக்கரத்தின் அடியில் கிடத்தினான். அதன் நினைவாகக் கோயிலருகே கல்லால் செய்த தேர் ஒன்று நிற்கிறது. அசைந்து வரும் தேருக்கு ஆண்டுதோறும் விழா, விரைந்து போன தேர் கல்லாகிக் கிடக்கிறது. யாரும் திட்டமிட்டு வைத்ததாக இருக்காது, ஆனால் பொருத்தம் அபாரம்.

விதான ஓவியங்களின் பிற்காலம் அவ்வளவு நிதானமானதில்லை. மழைநீர் கசிந்து, வண்ணம் உரிந்து, பல காட்சிகள் உதிர்ந்துபோயின. ஒளிப்படக்காரர் வி. கே. ராஜாமணி எஞ்சியவற்றைப் பொறுமையாகப் படமெடுத்தார். சென்னையின் பிரகிருதி ஃபவுண்டேஷன் முன்கை எடுக்க, இன்டாக் அமைப்பின் வல்லுநர்கள் அழுக்கையும் கறையையும் நீக்கி, உரியும் பூச்சை ஒட்டவைத்தார்கள். ராஜாமணியின் படங்களோடு டேவிட் ஷுல்மன் எழுதிய ஆங்கிலப் புத்தகம் 2011இல் வந்தது. கழுத்து வலிக்காமல் முசுகுந்தனைப் பார்க்க இப்போது அது ஒரு வழி.

மண்டபத்தில் பார்க்கிறவருக்கு அந்த வசதி இல்லை. அழிந்துபோன இடங்களில் சுண்ணாம்பு மட்டும் வெளுத்துத் தெரிகிறது. அரசன் வானுலகிலிருந்து இறங்குகிறானா, ஊர்வலம் எந்த வீதியில் திரும்புகிறது என்று அங்கே தெரிவதில்லை. அந்த வெறுமைக்குக் கீழேயும் அதே நடையில் நடந்துதான் அடுத்த காட்சிக்குப் போக வேண்டியிருக்கிறது.