நரம்புக்கடத்திக் காவிப் புரதங்களுக்கான உடனொளிர் துருவிகள்

உடனொளிர் துருவிகள் என்பவை ஓர் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சி, பெரும்பாலும் அதைவிட நீண்ட அலைநீளத்தில் உடனே உமிழும் மூலக்கூறுகள் ஆகும். நரம்புக்கடத்திகளைச் சவ்வினூடாக ஏற்றிச் செல்லும் காவிப் புரதங்களின் செயற்பாட்டை நேரடியாகக் காண இவை பயன்படுகின்றன.

பின்னணி

நரம்பிணைப்பில் வெளியிடப்படும் டோபமைன், செரோட்டோனின், நார்எபிநெப்ரின் ஆகியவற்றைக் கலமென்சவ்விலுள்ள காவிகள் மீண்டும் நரம்புக்கலத்துக்குள் கொண்டு செல்கின்றன. இதற்கான ஆற்றல் முதன்மையாகச் சோடியம் அயனிகளின் செறிவு வேறுபாட்டிலிருந்து கிடைக்கிறது. நார்எபிநெப்ரின் மீளுள்ளெடுப்பைக் கண்டறிந்த ஜூலியசு அக்செல்ரோட், 1970 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார். மனச்சோர்வுக்கு வழங்கப்படும் ஃபுளுவாக்சிடின் செரோட்டோனின் காவியைத் தடுக்கிறது. கொக்கெயின் மேற்கூறிய மூன்று நரம்புக்கடத்திகளின் காவிகளையும் தடுக்கிறது. எனவே, இக்காவிகளைப் பற்றிய அறிவு மருத்துவத்துக்கு இன்றியமையாதது.

கதிரியக்க அணு இணைத்த நரம்புக்கடத்தியைக் கொண்டு உள்ளெடுப்பை அளப்பது பழைய முறை. இது பல்லாயிரம் கலங்களின் கூட்டுத்தொகையை மட்டுமே தரும். ஒரு தனிக் கலத்தில் நொடிக்கு நொடி நிகழும் மாற்றங்களை இதனால் காண இயலாது.

துருவிகளின் வகைகள்

ஒளிரும் ஏற்றுபொருள்கள்: ஏ.எஸ்.பி⁺ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சாயம், நரம்பு நச்சான எம்.பி.பி⁺ என்பதை ஒத்த அமைப்புடையது. நார்எபிநெப்ரின் காவி இதைத் தன் ஏற்றுபொருளாகக் கொண்டு கலத்துக்குள் ஏற்றுகிறது. கரைசலில் மங்கலாக இருக்கும் இச்சாயம், கலத்தினுள் இழைமணிகளில் சேரும்போது பொலிவாக ஒளிர்கிறது. 2003 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், பொருள் காவியுடன் பிணைவதும் அது உள்ளே கடத்தப்படுவதும் இதன்மூலம் தனிக் கலங்களில் வேறுபடுத்தி அறியப்பட்டன.

போலி நரம்புக்கடத்திகள்: கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் சுல்சர், டாலிபோர் சாமசு ஆகியோரின் குழுக்கள் 2009 இல் எஃப்.எஃப்.என்.511 என்ற துருவியை அறிமுகப்படுத்தின. இதை நரம்பு முனையின் நுண்பைகளில் உள்ள வி.எம்.ஏ.டி.2 என்னும் காவி ஏற்றுகிறது. நரம்பு தூண்டப்படும்போது இது டோபமைனைப் போலவே வெளியேறுவதால், தனித்தனி முனையங்களின் செயற்பாட்டைக் காண முடிந்தது. 2013 இல் விவரிக்கப்பட்ட எஃப்.எஃப்.என்.102 நுண்பையின் அமிலச் சூழலில் மங்கியும், வெளியேறியபின் நடுநிலைச் சூழலில் பொலிந்தும் காணப்படுகிறது.

புரதத்துடன் இணைத்த சாயங்கள்: காவியின் இரு இடங்களில் இரு வேறு சாயங்கள் பொருத்தப்படுகின்றன. ஒன்று உறிஞ்சிய ஆற்றல் மற்றதற்குத் தாவும் அளவு, அவற்றுக்கு இடையிலான தொலைவைப் பொறுத்து மாறும். சில நானோமீட்டர் தொலைவுகளில் ஏற்படும் மாற்றத்தை இதனால் அறியலாம். மனிதக் காவிகளை ஒத்த லியூட்டி என்னும் பாக்டீரியப் புரதத்தின் உள்வாயில் திறந்து மூடுவது 2010 இல் தனி மூலக்கூறு மட்டத்தில் இவ்வாறு நோக்கப்பட்டது.

குறைபாடுகள்

பொருத்தப்படும் சாயம் புரதத்தின் இயல்பான அசைவைப் பாதிக்கக்கூடும். ஆகவே, சாயம் ஏற்ற புரதம் முன்போலவே பிணைந்து கடத்துகிறதா என்று சோதித்துப் பார்ப்பது அவசியம். ஏ.எஸ்.பி⁺ பிற கரிம நேரயனிக் காவிகளாலும் ஏற்றப்படுவதால், குறிப்பிட்ட தடுப்பானைச் சேர்த்தபின் ஒளிர்வு குறைகிறதா என ஒப்பிட்டே முடிவுகள் பெறப்படுகின்றன. துருவி இயற்கை நரம்புக்கடத்தியின் அதே விரைவில் கடத்தப்படும் எனவும் கொள்ள இயலாது.